எம்.சி. ராஜா: சான்றிதழில் வாழும் ஒரு தீர்மானமும் தோற்கடிக்கப்பட்ட ஒரு மசோதாவும்

திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் மாணவர்கள் சாதிச் சான்றிதழுக்காக இ-சேவை மையங்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைவார்கள். அச்சான்றிதழ்களில் பலவற்றில் 'ஆதிதிராவிடர்' என்றிருக்கும். எல்லைப்புறப் பகுதி என்பதால் 'ஆதி ஆந்திரர்' என்ற பெயரையும் இங்கே காண முடியும். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். "அரசாங்கம் வைத்த பெயர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அந்த விடை பாதி உண்மை. மீதிப் பாதி, அரசாங்கத்தை அப்பெயர்களை ஏற்கச் செய்த ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வரலாறு. 1922 ஜனவரி 20 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. பெருந்தலைவர் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் அழைத்த அவர், அம்மன்றத்தில் அமர்ந்த முதல் தலித் உறுப்பினர். பதினாறு ஆண்டுகள் கழித்து, அதே மாகாணத்தின் சட்டசபையில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதா தோற்கடிக்கப்பட்டது. வென்ற தீர்மானத்தையும் தோற்ற மசோதாவையும் சேர்த்துப் படித்தால்தான், சட்டமன்றத்தில் நமக்குக் கிடைத்த இருக்கையின் வலிமையும் வரம்பும் விளங்கும். அதற்காகவே இக்கட்டுரை.

ஆசிரியராகத் தொடங்கியவர்

1883 ஜூன் 17 அன்று சென்னை பரங்கிமலையில் பிறந்தவர் மயிலை சின்னத்தம்பி ராஜா. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார்; பாடநூல்களும் எழுதினார். அவர் கல்வி கற்ற காலத்தில் நம் மக்களுக்குத் திறந்திருந்த பள்ளிகள் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே. ஊர்ப் பள்ளிகளின் வாசல் அடைத்தே இருந்தது. ஆகவே அவருடைய அரசியலில் கல்விக் கோரிக்கை இறுதிவரை முன்னணியில் நின்றதில் வியப்பில்லை.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். அதற்கு முந்தைய தலைமுறையில் பண்டிதர் அயோத்திதாசரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் இதழ்கள், சபைகள், விண்ணப்பங்கள் வழியாக அமைத்த களம் அவருக்குக் கிடைத்திருந்தது. முந்தைய தலைமுறை வெளியிலிருந்து விண்ணப்பித்தது. ராஜாவின் தலைமுறைக்கு உள்ளேயிருந்து பேசும் வாய்ப்பு வாய்த்தது.

1920: ஐந்து நியமன இடங்கள்

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. வாக்குரிமை சொத்தையும் வரியையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது. நிலமற்றவருக்கு வரி இல்லை. வரி இல்லாதவருக்கு வாக்கு இல்லை. தேர்தல் வழியாக ஒரு தலித் அம்மன்றத்துக்குள் நுழைவது நடைமுறையில் இயலாத ஒன்று. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தொட்டியர், செருமான், ஹொலெயர் ஆகிய ஒன்பது சமூகங்களுக்கும் சேர்த்து ஆளுநர் நியமிக்கும் ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வாறு நியமிக்கப்பட்டவர்களுள் ஒருவர் எம்.சி. ராஜா.

நியமன உறுப்பினர் என்ற நிலையைச் சட்டக்கண்ணோடு பார்க்க வேண்டும். அவருக்குத் தொகுதி இல்லை, வாக்காளர் இல்லை. மீண்டும் நியமிக்கப்படுவதா இல்லையா என்பது ஆளுநரின் விருப்பம். மன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரும்பான்மையோ நிலவுடைமையாளர்களும் வழக்கறிஞர்களும் வணிகர்களும். இந்த நிலையில் ஓர் உறுப்பினரின் கையிலிருந்த கருவிகள் மூன்றே: கேள்வி, தீர்மானம், வரவுசெலவு விவாதம். தீர்மானம் நிறைவேறினாலும் அது அரசுக்கான பரிந்துரைதான், சட்டமன்று. அரசு ஆணை பிறந்தால்தான் அதற்கு உயிர். ராஜா நீதிக்கட்சியோடு இணைந்து நின்று, அக்கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

1922: பெயரை மாற்றிய தீர்மானம்

அன்றைய அரசு ஆவணங்களில் நம் மக்கள் 'பஞ்சமர்' என்றும் 'பறையர்' என்றும் இழிபொருளோடு குறிக்கப்பட்டனர். பஞ்சமர் என்றால் நான்கு வருணங்களுக்கு வெளியே நிற்கும் ஐந்தாமவர். அதாவது வருணக் கோட்பாட்டை ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சொல்லுக்கே பொருள் உண்டு. காலனிய அரசின் பதிவேடு, மனுவின் கணக்கை அப்படியே எழுதிக்கொண்டிருந்தது.

ராஜாவின் தீர்மானம் இதைத் தகர்த்தது. அச்சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் பேசுவோருக்கு 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்கு பேசுவோருக்கு 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1922 மார்ச் 25 அன்று அரசாணை எண் 817 வெளியானது. கே.ஜி.கண்டிகை மாணவரின் கையிலுள்ள தாளின் மூலம் அதுவே.

இதைச் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் ஓர் அரசு பதிவேட்டில் மனிதரை எப்படி எழுதுகிறதோ அப்படியே கடைநிலை அலுவலர் அவரை அழைப்பார். பள்ளிப் பதிவேடு, நிலப் பதிவேடு, சிறைப் பதிவேடு, நீதிமன்றச் சாட்சியம் என எல்லா இடத்திலும் அச்சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். 2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். குடியிருப்பின் பெயரே தீண்டாமையின் அடையாளமாகிவிட்டது என்பதே அதற்கான காரணம். ராஜா எழுப்பிய கேள்விக்கு நூறாண்டுக்குப் பின்னும் வேலை இருக்கிறது.

பெயர் மாற்றத்துக்குப் பிந்தைய கதையில் ஒரு முரண் உண்டு. அனைவரையும் ஒன்றாகக் குறிக்கவே ராஜா அச்சொல்லை முன்வைத்தார். 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையிலோ, அது பட்டியலின் ஒரு வரிசை எண்ணாக மாறிவிட்டது. இன்று தமிழ்நாட்டுக்கான பட்டியலிலுள்ள 76 பெயர்களில் 'ஆதி ஆந்திரர்' முதலாவது, 'ஆதிதிராவிடர்' இரண்டாவது. 'பறையர்' தனி வரிசையாக அப்படியே இருக்கிறது. பழைய பெயர்களுக்கு மாற்றாக வந்த பெயர் அவற்றின் பக்கத்தில் இன்னொரு பெயராக நிற்கிறது.

எல்லைப்புற மக்களுக்கு இதில் நடைமுறைச் சிக்கலும் உள்ளது. 1922இல் திருத்தணியும் நகரியும் ஒரே மாகாணத்தில், ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அங்கே சென்றது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரியிலிருந்து திருமணமாகி இப்பக்கம் வரும் பெண்ணின் சான்றிதழ் ஆந்திர மாநிலத்துக்குரியது. பட்டியல் சாதித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியானது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும் 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், அதைக் கொண்டு தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கோர முடியாது. ஒரே தீர்மானம் தந்த பெயரை எல்லைக்கோடு இரண்டாகப் பிரித்துவிட்டது.

நீதிக்கட்சியிலிருந்து விலகல்

1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைக் கொண்டுவந்தது. அரசுப் பணிகளில் பார்ப்பனரின் ஏகபோகத்தை உடைத்த வரலாற்று நடவடிக்கை அது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களுக்குரிய பங்கு அதில் உறுதி செய்யப்படவில்லை என்று ராஜா வாதிட்டார், தூதுக்குழுவோடு சென்று முறையிட்டார், பயன் இல்லை.

அதே ஆண்டில் பக்கிங்காம்–கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் வெடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் பங்கேற்கவில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குக் காட்டும் சலுகையே இதற்குக் காரணம் என்று நீதிக்கட்சியின் மூத்த தலைவர்கள் பழி சுமத்தினர். பள்ளிகள், மனைப்பட்டா, கிணறுகள் என நம் மக்களுக்காக அன்று இயங்கிய ஒரே துறை அதுதான். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் முன்னோடியும் அதுவே. ராஜா அத்துறையைக் காக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். 1923இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

இந்த நிகழ்வில் ராஜாவைக் கருங்காலி அரசியலின் காவலர் என்று சித்திரிக்கும் எழுத்துகளும் உண்டு. தொழிற்சங்கத்தை முழுதும் சாதி இந்துக்களின் சூழ்ச்சியாகக் காட்டும் எழுத்துகளும் உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. சங்கத்தின் கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆலைக்குள் தோழராக அழைக்கப்பட்டவர் ஆலைக்கு வெளியே தீண்டத்தகாதவராகவே நடத்தப்பட்டார் என்பதும் உண்மை. சாதியைத் தீர்க்காத ஒற்றுமை, முதல் நெருக்கடியிலேயே பிளந்தது.

சட்டமன்றத்தில் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார். கோவையைச் சேர்ந்த உறுப்பினர் ஆர். வீரய்யன், தடுப்பவருக்குத் தண்டனை வேண்டும் என்று அடுத்த அடியை எடுத்து வைத்தார். பெயர், பாதை, தண்டனை என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தனர். ராஜா தமது வாதங்களை 1925இல் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார்.

தில்லியும் பூனாவும்

1920களின் பிற்பகுதியில் ராஜா மத்திய சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கும் முதல் தலித் உறுப்பினர் அவரே. 1937 வரை அப்பொறுப்பில் இருந்தார். சைமன் ஆணையத்தோடு இணைந்து செயல்பட்ட, சர் சங்கரன் நாயர் தலைமையிலான இந்திய மத்தியக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். ஆனால் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும்.

தனி வாக்காளர் தொகுதி முறையை வலியுறுத்தி வந்த ராஜா, 1932 தொடக்கத்தில் நிலைப்பாட்டை மாற்றினார். இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேவோடு உடன்பாடு கண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூடிய கூட்டுத் தொகுதி முறையை ஏற்றார். அம்பேத்கர் இலண்டனில் வாதாடிப் பெறவிருந்ததற்கு நேர்மாறான நிலை இது. ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு தனி வாக்காளர் தொகுதியை வழங்கியது. காந்தியின் உண்ணாநோன்புக்குப் பின் 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் கையொப்பமிட்டவர்களுள் அம்பேத்கரும் உண்டு, சீனிவாசனும் உண்டு, ராஜாவும் உண்டு.

எண்ணிக்கையில் பூனா ஒப்பந்தம் தாராளம். சென்னை மாகாணத்துக்கு வகுப்புவாரித் தீர்ப்பு தந்தது 18 இடங்கள். ஒப்பந்தம் தந்தது 30. ஆனால் 18 இடங்களில் வெல்பவரைத் தீர்மானிப்பவர்கள் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டுமே. 30 இடங்களிலோ, முதற்கட்டத்தில் நால்வரைத் தெரிவு செய்யும் உரிமையோடு நம் தனி அதிகாரம் முடிந்துவிடும். இறுதி வெற்றியை முடிவு செய்வது பொது வாக்காளர் பெரும்பான்மை. கூடுதல் இருக்கைகள் கிடைத்தன. இருக்கையில் அமர்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது மாறிப்போனது. ராஜா அன்று இந்த மாற்றத்தை நல்லெண்ணத்தின் விலையாக எண்ணினார். 1936இல் அம்பேத்கரின் மதமாற்ற அறிவிப்பையும் அவர் எதிர்த்தார். சாதி இந்துத் தலைமையின் மனச்சான்று சட்டத்தின் வழியே செயல்படும் என்ற நம்பிக்கையே அவருடைய இந்தக் கட்டத்தின் அடிநாதம். அந்த நம்பிக்கைக்கான சோதனை 1938இல் வந்தது.

நூறு நாள் அமைச்சர்

1937 தேர்தலில் ராஜா சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 215 இடங்களில் 159ஐ வென்ற காங்கிரஸ், ஆளுநரின் தனி அதிகாரங்கள் குறித்த பிணக்கால் உடனே ஆட்சியமைக்க மறுத்தது. ஏப்ரல் 1 அன்று கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை பதவியேற்றது. அதில் வளர்ச்சித் துறை அமைச்சர் எம்.சி. ராஜா. பெரும்பான்மை இல்லாத அமைச்சரவை அது. ஜூலையில் இராஜாஜி முதல்வராகப் பொறுப்பேற்றதும் முடிவுக்கு வந்தது. இராஜாஜியின் அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை ஒடுக்கப்பட்ட சமூகத்தின் சார்பில் இடம்பெற்றார். ராஜா மீண்டும் சாதாரண உறுப்பினரானார். அவருடைய வாழ்வின் மிக முக்கியமான இரு மசோதாக்கள், அமைச்சர் பதவி போனபின் தனி உறுப்பினர் மசோதாக்களாகவே வந்தன.

1938: ஒன்றுக்கு இசைவு, மற்றொன்றுக்கு மறுப்பு

முதலாவது, குடிமை உரிமைத் தடைகளை அகற்றும் மசோதா. அது எதிர்ப்பின்றி நிறைவேறி 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டமானது. 1924 தீர்மானம் அரசுச் செலவில் பராமரிக்கப்படும் சாலை, கிணறு ஆகியவற்றோடு நின்றது. ராஜாவின் சட்டம் அதைத் தாண்டி, பொதுமக்களுக்குத் திறந்துள்ள உணவகம், விடுதி, கடை போன்ற மதச்சார்பற்ற இடங்களிலும் பாகுபாட்டைக் குற்றமாக்கியது. வழக்கறிஞர் என்ற முறையில் நான் மிக உயர்வாக மதிப்பது அதன் இன்னொரு விதியை. தீண்டாமையை அடிப்படையாகக் கொண்ட எந்த 'வழக்காற்று உரிமையையும்' நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்றது அது. அதுவரை, "எங்கள் தெருவில் இவர்கள் நடப்பது வழக்கமில்லை" என்று உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற முடிந்தது. நீதிமன்றமே தீண்டாமையின் கருவியாக இருந்த அந்த வாசலை இச்சட்டம் அடைத்தது. மீறுவது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம். மீண்டும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை.

அன்று திருத்தணி சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இந்தச் சட்டம் இங்கும் நடைமுறையிலிருந்த சட்டமே. ஆனால் மலைக்குச் செல்லும் பாதை வேறு, மலைமேலுள்ள சன்னதி வேறு. சாலைக்கும் கிணற்றுக்கும் உணவகத்துக்கும் சட்டம் வந்தது. கோயில் மட்டும் அதற்கு வெளியே நின்றது. முருகன் குன்றின் அடிவாரம் வரை குடிமகன், மேலே சென்றால் தீண்டத்தகாதவன் என்பதே அன்றைய சட்டநிலை.

அந்த மிச்சத்தைத் தீர்க்கவே ராஜா இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்தார்: சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு மசோதா. 1933இல் மத்திய சட்டசபையில் ரங்க ஐயரின் கோயில் நுழைவு மசோதாவுக்காக நாடெங்கும் ஆதரவு திரட்டியவர் இராஜாஜி. 1936இல் திருவிதாங்கூர் அரசரின் கோயில் நுழைவுப் பிரகடனம் முன்மாதிரியாக இருந்தது. சட்டசபையில் காங்கிரசுக்கு அறுதிப் பெரும்பான்மை. மசோதா நிறைவேற இதைவிடச் சாதகமான சூழல் இல்லை என்று ராஜா நம்பியதில் பிழை காண முடியாது.

1938 ஆகஸ்டில் மசோதா அவைக்கு வந்தபோது, அதைத் திரும்பப் பெறுமாறு முதல்வர் இராஜாஜி கேட்டுக்கொண்டார். மாகாணம் முழுமைக்கும் ஒரே நேரத்தில் சட்டம் வேண்டாம், மலபாரில் மட்டும் தொடங்கலாம் என்பது அவருடைய வாதம். ராஜா மறுத்தார். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 24, எதிர்ப்பு 130.

இந்த எண்களின் முன் சற்று நிற்க வேண்டும். அச்சட்டசபையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான இடங்கள் 30. ஆதரித்து வாக்களித்த 24 பேரும் அந்த இடங்களிலிருந்து வந்தவர்களே என்று வைத்துக்கொண்டாலும், குறைந்தது ஆறு தனித்தொகுதி உறுப்பினர்கள் தம் மக்களின் கோயில் நுழைவு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. தனித்தொகுதி இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரசே வென்றிருந்தது. கட்சிக் கட்டுப்பாடு அவர்களைக் கட்டியது. பூனாவில் 18 முப்பதானதன் பொருள், ஆறே ஆண்டுகளில் சென்னைச் சட்டசபையில் எண்களாக வெளிப்பட்டது.

பின்னர் நிறைவேறிய மலபார் கோயில் நுழைவுச் சட்டம், சாதி இந்து வாக்காளரின் பெரும்பான்மைக் கருத்தைக் கேட்டுக் கோயிலைத் திறக்க வழி செய்தது. உரிமையை மறுப்பவரிடமே அவ்வுரிமைக்கு வாக்கெடுப்பு நடத்தும் முறை அது. ராஜா தம் மனக்குறையைக் காந்திக்குக் கடிதங்களாக எழுதினார். இராஜாஜியை நம்புமாறே அவருக்குப் பதில் கிடைத்தது. அக்கடிதப் போக்குவரத்தை அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று வினவும் 1945ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்து வைத்தார். ஒரு காலத்தில் தம்மை எதிர்த்து நின்றவரின் காயத்தை, தம் மக்களின் ஆவணமாக அம்பேத்கர் பாதுகாத்தார்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. உள்ளே சென்றவர்களுள் கக்கனும் ஒருவர். அதில் ஈடுபட்டோரை வழக்குகளிலிருந்து காக்க, இராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும் பின்னர் 1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமும் கொண்டுவந்தது. ஓராண்டுக்கு முன் காலம் கனியவில்லை என்று சொன்ன அதே அரசு இது. எல்லாப் பிரிவு இந்துக்களும் கோயிலுக்குள் சென்று வழிபட உரிமையுடையவர்கள் என்று அறிவிக்கும் முழுமையான சட்டம் 1947இல்தான் வந்தது. அதைப் பார்க்க ராஜா உயிரோடு இல்லை.

இறுதி ஆண்டுகள்

1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழு தில்லி வந்தபோது, அதைச் சந்தித்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அத்திட்டத்தில் பாதுகாப்பில்லை என்று எடுத்துரைத்தவர்கள் இருவர்: அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும். 1932இல் எதிரெதிரே நின்றவர்கள் பத்தாண்டுகளில் ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். அந்தப் பாதையை அமைத்துத் தந்ததில் 1938இன் வாக்கெடுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. 1943 ஆகஸ்ட் 20 அன்று ராஜா மறைந்தார். சென்னை சைதாப்பேட்டையிலுள்ள அரசு மாணவர் விடுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எப்படி மதிப்பிடுவது?

ராஜாவை மூஞ்சே உடன்பாட்டின் பெயராக மட்டும் நினைவுகூர்ந்து கடந்துவிடும் போக்கு நம் இயக்கங்களில் உண்டு. அவருடைய பிழைகளை மறைக்கத் தேவையில்லை. 1932இல் அவர் எடுத்த நிலை, வட்டமேசையில் அம்பேத்கர் கட்டிய கோரிக்கையைப் பலவீனப்படுத்தியது. ஆனால் பிழையின் விலையை வெளிப்படையாகச் செலுத்தியவரும் அவரே. ஆளுங்கட்சி முதல்வர் நேரில் கேட்டும் மசோதாவைத் திரும்பப் பெறாமல், தோல்வி உறுதி என்று தெரிந்தும் வாக்கெடுப்புக்கு விட்டார். திரும்பப் பெற்றிருந்தால் அவைக் குறிப்பில் எதுவும் எஞ்சியிருக்காது. 24–130 என்ற எண்கள் நம் கையில் இருப்பது அந்தப் பிடிவாதத்தால்தான்.

அவருடைய சட்டப் பணியின் தொடர்ச்சியும் தெளிவானது. 1938 சட்டம் தடுத்தவற்றையே அரசமைப்பின் 17ஆம் உறுப்பும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் நாடு முழுமைக்கும் கொண்டுசென்றன. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பொதுப்பாதை, நீர்நிலை, வழிபாட்டிடம் ஆகியவற்றைத் தடுப்பதை வன்கொடுமையாக்கியது. ஆயினும் 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே நுழைவதை ஏற்காததால் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டுப் பூட்ட நேர்ந்தது. சட்டம் 1947இலேயே திறந்த கதவை, ஊர் 2023இலும் திறக்க மறுத்தது.

இன்றைய இருக்கைகள்

இன்று தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. திருத்தணி பொதுத்தொகுதி, அண்டையிலுள்ள அரக்கோணம் தனித்தொகுதி. 1938இல் கட்சிக் கட்டுப்பாடு அரசியல் வழக்கமாக மட்டுமே இருந்தது. 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை அதைச் சட்டக் கட்டாயமாக்கியது. கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் அட்டவணையைச் செல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவுகள் நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை போன்றவற்றோடு நிற்க வேண்டும் என்றும் கருதியது. நடைமுறை அப்படி அமையவில்லை. இன்று ஒரு ராஜா தனி மசோதாவோடு எழுந்தால், அவருக்கு ஆதரவாக 24 கைகள்கூட உயருமா என்பது கேள்விக்குறியே.

அதனால் தனித்தொகுதி உறுப்பினரை வசைபாடிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. வாக்கு கட்டப்பட்டிருக்கலாம், கேள்வி கட்டப்படவில்லை. வினா நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை விவாதம் ஆகிய கருவிகள் நியமன உறுப்பினராக ராஜா வைத்திருந்தவற்றைவிடக் குறைந்தவை அல்ல. அவைக்கு வெளியேயும் கடமை உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆவது விதிப்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவில் அம்மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள் உறுப்பினர்கள். தனித்தொகுதியா பொதுத்தொகுதியா என்ற வேறுபாடு அதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் குழு கூட வேண்டும். 16ஆவது விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டக் குழு கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது? எந்தெந்த உறுப்பினர்கள் வந்தார்கள்? எத்தனை வழக்குகளில் நிவாரணம் நிலுவையில் உள்ளது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. கிடைக்கும் பதிலோடு தொகுதி அலுவலகத்துக்குச் செல்லலாம். அடுத்த கூட்டத்தொடரில் இதை வினாவாக எழுப்புங்கள் என்று எழுத்தில் கேட்கலாம்.

வாக்காளரே இல்லாத ஒரு நியமன உறுப்பினர், ஒரு தீர்மானத்தால் நூறாண்டு நிற்கும் பெயரை வாங்கித் தந்தார். நமக்கு வாக்கு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கேட்பதற்கான விதிகளும் இருக்கின்றன. கே.ஜி.கண்டிகையின் மாணவர் அடுத்த முறை அந்தச் சான்றிதழை நகலெடுக்கும்போது, அதிலுள்ள சொல்லை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். அது அரசு தந்த சலுகை அன்று. நம்மவர் ஒருவர் அவையில் எழுந்து நின்று கேட்டுப் பெற்றது.